பிரியாத குமிழிகள்

...அந்த வாத்தியார் கேட்டபோதாவது வாயை அடக்கியிருக்கலாம், கேள்வியே கேலிதானே, கேலிக்குக் கேலி பேச அஸ்வினிக்கு என்ன அவசரம், மேடையில் ஏறினால் மட்டும் இந்த நாக்குக்கு எங்கிருந்துதான் இத்தனை துள்ளல் வருகிறதோ... டி. கல்லுப்பட்டியில் ஏறிய பேருந்து கரிசல் காட்டு நடுவே குலுங்கிக்கொண்டு போகிறது, பக்கத்தில் தாமரைச்செல்வி அக்கா, கணவனின் அண்ணன் மனைவி, வறுத்த கடலையைத் தேய்த்துத் தோலை ஊதிக்கொண்டிருக்கிறாள். பேசித்தான் ஆக வேண்டும், அவனியாபுரம் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் வாய்க்காது, அந்தக் கூட்டுக் குடும்பத்தில் இரண்டு பேர் தனியாக உட்கார ஏது மூலை. சற்று முன்வரை அந்தப் பள்ளிக்கூட மண்டபம் நிறைய ஆட்கள், உயிர் எப்படி வந்தது என்று சொல்ல மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்கார அம்மா வந்திருக்கிறாள் என்று வந்தவர்கள், கொழுப்பைத் தண்ணீரில் கலந்து குலுக்கினால் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் திரளும், அதில் சில பருத்து இரண்டாகப் பிரியும், அதைத் திரையில் ஓடவிட்டு, தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கினால்தான் உயிர், இல்லையென்றால் வெறும் ரசாயனம் என்று அடித்துச் சொன்னாள் அஸ்வினி, எல்லா ஊரிலும் சொல்வதுதான், கைதட்டலும் வரும்... அப்போதுதான் அந்த ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்து, "அப்ப குட்டி போடாத கோவேறு கழுதைக்கு உசுரு இல்லையாம்மா?" என்றார். "அது ஊரார் மூட்டையைச் சுமக்கும் சார், நம்ம கணக்குல வராது" என்றாள் இவள். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக முன்வரிசையைப் பார்த்தாள், கல்யாணமான நாளிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, அழகர்கோவிலுக்கு நடையாய் நடந்தும் பிள்ளை இல்லாமல் போன அக்கா, இவளுடைய தண்ணீர் பாட்டிலை மடியில் பிடித்தபடி, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் சிரித்தாள்.

யார் மூட்டை? பெற்ற மகள் முத்துமீனாவை மூன்றாம் மாதமே அக்காவிடம் விட்டுவிட்டு ஆய்வகத்துக்கு ஓடியது யார், காய்ச்சலில் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தது யார், பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றது யார்... பிள்ளை முதலில் சொன்னது 'பெரிம்மா', அதைக் கேட்டு இவளுக்குச் சுருக்கென்றது, பெத்தவ நான் இருக்கேன் என்று உள்ளே ஒரு குரல், அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எதற்கு அந்த நினைப்பு... விளக்கம் இருக்கிறது, நல்ல விளக்கம், அந்த வரையறை ஒரு இனம் முழுவதற்கும்தான், தனி ஒருவரை அதை வைத்து அளக்கக் கூடாது, மேடையில் நேரம் இல்லையென்று சுருக்கிவிட்டாள், அவ்வளவே. அதை இப்போது சொன்னால் ஆறிவிடுமா, இனத்தோடு சேர்த்தால் நீயும் உயிர்தான் அக்கா என்றா சொல்வது, சீ.

"தொண்டை கட்டியிருக்கும், அம்புட்டு நேரம் பேசியிருக்க, மொதல்ல தண்ணியக் குடி, பெறகு இதத் தின்னு" என்று அக்கா கடலையை இவள் கையில் கொட்டுகிறாள், தோல் இல்லாமல், முத்துமீனாவுக்குக் கொடுப்பது போலவே. "அக்கா, அந்தக் கழுதைப் பேச்சு..." என்று ஆரம்பிப்பதற்குள், "அட விடு, சிரிக்கச் சொன்னதுதான" என்று அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள், சீமைக்கருவேலம் ஓடுகிறது, திருமங்கலம் டிக்கெட் யாரு என்று நடத்துநர் குரல், போகட்டும், தப்பித்தோம் என்று மனசு லேசாகப் பார்க்கும்போதே அக்கா மெதுவாகக் கேட்கிறாள். "ஆமா அஸ்வினி, படத்துல ரெண்டாப் பிரியாமயே கெடந்துச்சே கொஞ்சம் குமிழி, அதுக எம்புட்டு நேரம் இருக்கும்?"

எம்புட்டு நேரம்... யார் பார்த்தது, பிரிந்தவற்றைத்தான் படம் எடுப்பாள், மற்றதையெல்லாம் தொட்டியில் ஊற்றிக் கழுவிவிடுவாள், பெரும்பாலானவை பிரியாதவைதான், ஒருநாள்கூட அவற்றின் பக்கம் நுண்ணோக்கியைத் திருப்பியதில்லை. "தெரியலக்கா, பார்த்ததில்ல" என்கிறாள், வெட்கமாக இருக்கிறது. அக்கா தலையை ஆட்டுகிறாள், கோபமில்லை, குத்தலில்லை, கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது போல முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறாள். வாய் தவறிவிட்டது, வாய் தவறிவிட்டது என்று இவ்வளவு தூரமும் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாளே... தவறியதா? மேடையில் யோசிக்காமல் வந்த பதில் அது, யோசிக்காமல் வருவது உள்ளே எத்தனை காலமாகத் தயாராக இருந்திருக்கும், 'பெரிம்மா' என்று பிள்ளை சொன்ன அன்றிலிருந்தா, அதற்கும் முன்பிருந்தா, அக்கா அது தெரிந்தேதான் இத்தனை வருடமும் பிள்ளையைத் தூக்கினாளா...