அறுபத்தெட்டு வீதம்

என் மனுசனுக்கும் எனக்கும் ஆளுக்கொரு வலை. அருள்நேசனின் வலை பேசாலைக் கடலில் மீன் பிடிக்கும். என்னுடையது மடிக்கணினிக்குள் இருக்கிற நரம்பு வலை. சூரியனைச் சுற்றியிருக்கும் கொதிவாயுவின் படங்களைப் பார்த்து, எந்த இடம் வெடிக்கப்போகிறது என்று சொல்லப் பழகுகிற நிரல் அது. பழக்குகிறவள் நான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அனுப்பும் படங்களில் ஆபத்தான இடங்களுக்கு நான் குறி இடுவேன். அதைப் பார்த்து அது படிக்கும்.

செல்லடிக்குள் பிறந்து, இந்தியாவுக்கு ஓடி, அகதி முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் ஊருக்குத் திரும்பியவள் நான். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலே எனக்கு அது வெடிக்கும். நூற்றுக்கணக்கான படங்களில் அப்படியே குறி இட்டுத் தொலைத்திருக்கிறேன். உங்கள் வலை பயந்தாங்கொள்ளியாக வளர்கிறது என்று பேராசிரியர் எழுதினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பாதியைத் திருத்தினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிய, புதுப் படத்தைப் பார்த்து வலை, வெடிக்க நூற்றுக்கு அறுபத்தெட்டு வீதம் வாய்ப்பு என்றது. பெரிய வெடிப்பென்றால் செய்மதிச் சைகை குழம்பி, படகிலுள்ள ஜீபிஎஸ் பிழையான இடத்தைக் காட்டலாம். என் மனுசன் தொழில் செய்வதோ இந்திய எல்லைக்குக் கிட்ட. பக்கத்து வீட்டு டொமினிக் அண்ணன் தெரியாமல் எல்லை தாண்டி, ஏழு மாதம் அந்தப் பக்கத்துச் சிறையில் மறியல் இருந்துவிட்டு வந்தவர்.

எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு அருள்நேசன் வழக்கம்போலப் பகிடியாகக் கேட்டார்.

"ஜெனிற்றா, இண்டைக்கு உன்ர வலையில என்ன பட்டது?"

"ஒண்டுமில்லை. போயிட்டு வாங்கோ."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த அறுபத்தெட்டும் நான் திருத்தாமல் விட்ட பயத்தின் மிச்சம்தான் என்று நினைத்தேன். சரியான விசரி நான்.

பத்தரைக்கு அடுத்த படம் வந்தது. வலை காட்டிய இடம் முழுக்க ஒரே வெள்ளை; வெடித்துவிட்டது. அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். மணியே போகவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். பிறகு செருப்பும் போடாமல் கரைக்கு ஓடினேன். அங்கே டொமினிக் அண்ணன் தன் ஜீபிஎஸ் கருவியைத் தட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் நின்ற மணலை அது நடுக்கடல் என்றது. மாதாவே, என் வாயாலேயே அனுப்பினேனே என்று மணலில் குந்திவிட்டேன். மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்தேன்.

இரண்டு மணிபோல் படகு வந்தது. மீன் ஒரு கூடைகூட இல்லை. எல்லைப் பக்கம் போனீங்களோ, கருவி என்ன காட்டினது என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

"அங்க போகேல்லை. கரை தெரியிற தூரத்திலயே நிண்டனான்."

"நான் போகச் சொன்னனான்தானே?"

"ஓம், வாய் சொன்னது. உன்ர முகத்தைப் பாத்தாப்பிறகு எப்பிடிப் போறது?"

தொலைபேசி என்னவாயிற்று என்று கேட்டேன். சார்ஜ் இல்லையாம். கரையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி முடியமுன் அழுகை வந்துவிட்டது.