சுரண்டும் கத்தி

1.

இந்தக் கதை ஒரு சின்னக் கத்தியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் லியாங் மாகாணத்தில் எழுத்தர்கள் எல்லாருடைய இடுப்பிலும் அது தொங்கும். காகிதம் வராத காலம்; மூங்கில் பட்டையில் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டி எடுப்பதற்கு. ஆளுநர் தூ ஹெங் அந்தக் கத்திகளை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார். தன் நிழலைக் கண்டாலும் சந்தேகப்படுகிற மனிதர்.

(நானும் கத்தி இல்லாமல்தான் எழுதுகிறேன். தப்பானவை அப்படியே கிடக்கும்.)

2.

ஆளுநர் பெருந்தன்மையோடு சிரித்தபடி —

இல்லை. அவரிடம் ஏது பெருந்தன்மை? மறுபடியும் தொடங்குகிறேன்.

உடனே தலைநகருக்கு வரும்படி பேரரசரின் கட்டளை வந்திருந்தது. படையை விட்டுவிட்டுப் போனால் தூ ஹெங்கின் தலை தப்பாது. முரண்டு பிடித்தால், அங்கே பிணையாக இருக்கும் ஒரே மகனின் தலை போய்விடும். ஆகவே, உடம்பு சரியில்லை என்று பணிவாக ஒரு பதில். அவர் சொல்லச் சொல்ல எழுத்தன் யின் பெய் எழுதினான். ஆளுநருக்குப் படிக்கத் தெரியாது. மாளிகையில் எழுத்து தெரிந்த இன்னொருவன் யின் பெய்யின் அண்ணன். ஒற்றன் என்று சந்தேகப்பட்டு அவன் தலையைப் போன மாதம்தான் வாங்கியிருந்தார்.

3.

"ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு. பேரரசரோட சொந்தப் பேர்ல வர்ற, யாரும் எழுதக் கூடாத எழுத்த எழுதிட்டேன்."

"அடப்பாவி! அத அங்க பாத்தா எம் புள்ள தலைதானடா போவும்!"

"கத்தியக் குடுத்தா சுரண்டிடுறேன்."

"எத? என் கழுத்தையா?"

(எனக்கு யின் பெய் மேல் சந்தேகம் வந்தது இங்கேதான். படிக்கத் தெரியாதவரிடம் தப்பை ஏன் சொன்னான்? வாயை மூடிக்கொண்டிருந்தால் அண்ணனுக்குப் பழி தீர்ந்திருக்குமே. அவ்வளவு நல்லவனா? இல்லை, தப்பே எழுதாமல் நல்ல எழுத்தைச் சுரண்ட வைத்துப் பணிவான பதிலையே கெடுக்கப் பார்க்கிறானா? வேறு பட்டையில் எழுதலாம் என்பீர்கள். அதையும் இவன்தானே எழுதுவான்.)

4.

ஒரு முடிவு: ஆளுநர் கத்தியைக் கொடுத்தார், அடுத்த நொடி —

கொடுக்கிற ஆளா அவர்?

இன்னொன்று: யின் பெய்யை அங்கேயே வெட்டி —

பிறகு யார் எழுதுவது?

ஆளுநர் தன் இடுப்புக் கத்தியைத் தானே உருவினார். மகனுக்கு ஒன்பது வயது.

"நீ காட்டு, நான் சுரண்டுறேன். விரல எடுக்காத. தப்பாக் காட்டுனே, விரல் மட்டும் போவாது."

"தப்பாக் காட்டுனா உங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

ஆளுநர் பட்டையை உற்று உற்றுப் பார்த்தார். முதல் தடவையாக அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

யின் பெய் விரலை வைத்தான். எந்த எழுத்தில் என்று எனக்குத் தெரியும். சொன்னால் மட்டும் நம்பிவிடுவீர்களா? பட்டையில் இருப்பதை உங்களாலும் படிக்க முடியாது. பிள்ளையின் உயிர் உங்கள் கையில். கத்தியும்தான்.

சுரண்டுங்கள்.