படுத்தால் வரும் விக்கல்

முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி கூத்தையாவுக்கு 1978 ஆவணியிலிருந்து, படுத்தால் மட்டும் விக்கல் வந்தது. நின்றாலும் உட்கார்ந்தாலும் வராது. கமுதிக்குப் பெண் பார்க்கப் போனபோது அவர் உட்கார்ந்தே இருந்ததால் கல்யாணம் தடையின்றி நடந்தது. மனைவியாக வந்த சண்முகவள்ளிக்கு விஷயம் தெரிந்தது அதன் பிறகுதான்.

விக்கலில் ஓர் ஒழுங்கு இருந்தது. நான்கு குட்டை, சற்று இடைவெளி, பிறகு ஒரு நீளம், ஒரு குட்டை, இரண்டு நீளம். மறுபடியும் முதலிலிருந்து. பகலில் மெலிதாக இருக்கும், பொழுது சாய்ந்தால் ஓடு அதிரும். சுக்கு, சீனி, விபூதி எதற்கும் அடங்கவில்லை. கூத்தையா நிலைக்கதவோடு துண்டால் கட்டிக்கொண்டு நின்றபடி உறங்கப் பழகினார். ஒரு வருடத்தில் முழங்கால்கள் வீங்கி, காட்டு வேலைக்கு இறங்க முடியாமல் போனது.

சண்முகவள்ளி சேலைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "குதிரையோட குடும்பம் நடத்த என்னால ஏலாது. தை முடியிறதுக்குள்ள நீங்க படுத்து உறங்கணும். இல்லையினா நான் கமுதிக்குப் போறேன்."

கீழக்கரை நெய்னா முகம்மது கப்பலில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்று, மிளகாய் வியாபாரத்துக்கு வந்தவர். தை மாதத்து அந்தி ஒன்றில் விலை பேச வந்தவர், முழங்கால் வலிக்குச் சற்றே கட்டிலில் சாய்ந்திருந்த கூத்தையாவின் விக்கலைக் கேட்டு மிளகாயை மறந்தார்.

"இது விக்கல் இல்ல தங்கச்சி. ஹைதராபாத் விமான நிலையத்து ரேடியோக் கம்பம். விமானத்துக்கு வழி தெரியணும்னு ஓயாம தன் பேரைச் சொல்லும். கப்பல்ல நாங்க தட்டுற தந்திக் கணக்குல நாலு குட்டைன்னா எச், மிச்சம் ஒய். எச், ஒய். எச், ஒய்."

"ஏலே, ஊரான் கம்பத்துக்கு நீ எதுக்கு வாய் குடுக்கிறே?" என்று கூத்தையாவின் அய்யா உக்கிரபாண்டி மகனை அதட்டினார்.

நெய்னா உற்சாகமாக விளக்கினார். டிரான்சிஸ்டருக்குள் ஒரு கரிய குச்சி உண்டு. நிலையத்துக்குக் குறுக்கே கிடந்தால் ஒலி கூடும். அதன் நுனி நிலையத்தைப் பார்த்தால் ஒலி அறும். நட்டமாக நிறுத்தினாலும் அறும். கூத்தையாவின் உடம்பும் அப்படியொரு குச்சிதான். ஹைதராபாத் நேர் வடக்கு. கிழக்கே தலைவைத்துப் படுப்பவர் சரியாகக் குறுக்கே கிடக்கிறார். கப்பலில் திசை பார்ப்பவர்கள் ஒலி கூடும் இடத்தைத் தேடமாட்டார்கள், அது அகலம். ஒலி அறும் இடமோ ஊசிமுனை.

சிலோன் ரேடியோ பிடிக்க டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பழகிய சண்முகவள்ளி, மேற்கொண்டு கேட்கவில்லை. புருஷன் கிடந்த கட்டிலின் காலைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். விக்கல் மெலிந்தது, தேய்ந்தது, நின்றது.

"வடக்க தலையா!" உக்கிரபாண்டி பதறினார். "எம்மகன் உசுரோட இருக்க வேணாமா?"

"குச்சிக்கு ரெண்டு நுனியும் ஒண்ணுதாண்ணே. மாத்திப் போடுங்க" என்றார் நெய்னா.

மாற்றும் வழியில் கூத்தையா பலமாக ஒருமுறை விக்கினார். பிறகு குறட்டை கேட்டது.

கட்டில் சற்று நகர்ந்தாலும் விக்கல் திரும்புவதால், மறுநாள் அதன் நான்கு கால்களையும் சிமெண்டில் புதைத்தார்கள். தலை தெற்கே, கால் வடக்கே. 2009லும் கூத்தையா அப்படித்தான் உறங்கினார், பக்கத்தில் சண்முகவள்ளியும்.