உதைபடாத சிம்மாசனம்

நான் ஹமீது. தாராவியில் நாற்பத்தொரு வருடமாகத் தோல் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் வாப்பா உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் செருப்புக் காலோடு வந்ததில்லை. என் வாப்பா காலத்திலும் இல்லை, என் காலத்திலும் இல்லை.

அதனால்தான் மாட்டுங்காவில் நடந்த நாடக ஒத்திகையின் நடுவே எழுந்து நின்றேன்.

ஜாவாவில் மஜாபாகித் என்ற இந்து-பௌத்தப் பேரரசு, புதிதாகத் தலையெடுத்த டெமாக் சுல்தானிடம் விழுந்த கதை அது. எழுதியவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி வேங்கடசுப்ரமணியன். கடைசி ராஜாவாக நடிப்பவரும் அவரே. சுல்தான் வேடம் என் மகன் சைஃபுக்கு. கிரீடம், கவசம், சுல்தானின் செருப்பு எல்லாம் என் பட்டறையில் தைத்தவை.

கடைசிக் காட்சியில் சுல்தான் செருப்புக் காலால் சிம்மாசனத்தை உதைத்துத் தள்ள வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும், அடிபட்டுக் கிடக்கும் ராஜா உயிரை விடுவார்.

"வேங்கடம் சார், இந்த சுல்தான் ராஜா பெத்த மகன்னு நீங்கதானே ரெண்டாவது சீன்ல எழுதியிருக்கிய?"

"ஆமாம். ஜாவாக்காரா அப்படித்தான் கதை சொல்றா."

"அப்ப மகன் தகப்பன் இருக்கைய உதைப்பானா?"

"ஜெயிச்சவன் பாய்! உதைச்சாத்தானே ராஜ்யம் போச்சுன்னு கடைசி வரிசைக்குத் தெரியும்?"

"சண்ட நாட்டுக்கு. தகப்பன் எப்பவும் தகப்பன்தான்."

"உதைக்காத சுல்தான் எனக்கு வேண்டாம். செம்பூர்ல ஒருத்தன் காலைத் தூக்கிண்டு ரெடியா நிக்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். கிரீடத்தையும் கவசத்தையும் வாரிக்கொண்டு நான் கிளம்பியிருக்கலாம். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கும் குடும்பம் அல்ல எங்களுடையது. வெளியே வந்து சைஃபிடம் மட்டும் சொன்னேன்.

"ஏலே, உதைக்கதும் உதைக்காததும் உன் பாடு. நான் முன்வரிசையில இருப்பேன்."

"வேஷம்தானே வாப்பா?"

"வேஷம் சுல்தானுக்கு. காலு உன் காலுல்லா."

ஞாயிறு மாலை அரங்கம் நிறைந்திருந்தது. தாராவியிலிருந்து எங்கள் ஜமாஅத் ஆட்களும் வந்திருந்தார்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கோட்டை எரிந்தது. ராஜா சிம்மாசனத்தின் கீழே விழுந்து கண்களை மூடினார். முரசு நின்றது.

சைஃப் வந்தான். மேடை ஓரத்தில் நின்றான். குனிந்து, வாரை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி வைத்தான்.

"உதை, உதை!" என்று திரைக்குப் பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தது முன்வரிசை வரை கேட்டது.

அவன் வெறுங்காலோடு நடந்து ராஜாவின் பக்கத்தில் மண்டியிட்டான். சத்தம் வராததால் ராஜாவால் சாக முடியவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். வெறுங்காலைப் பார்த்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, கிரீடத்தைத் தானே கழற்றினார்.

"வந்துட்டியாடா?" என்றார். நாடகத்தில் இல்லாத வசனம் அது.

சைஃப் இரண்டு கைகளாலும் கிரீடத்தை வாங்கிக்கொண்டான். ராஜா அவன் தோளில் சாய்ந்து செத்தார். ராஜ்யம் போய்விட்டது என்பதில் கடைசி வரிசைக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒருவரும் இருமக்கூட இல்லை.

திரை விழுந்ததும் உள்ளே போனேன். வேங்கடசுப்ரமணியன் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓய், உம்ம பிள்ளை என்னை ஒழுங்கா சாகக்கூட விடலையே!"

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு தகப்பன் இருக்கைய உதைக்கிற பழக்கம் இல்ல சார்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் செம்பூரில் போடும் நாடகத்திலும் அந்தச் செருப்பு மேடை ஓரத்திலேயே இருக்கட்டும் என்றார்.