மாலையில் தொண்ணூற்றைந்து, காலையில் எண்பத்தெட்டு

பட்டறைக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலை ஆறு மணி ஆனதும், கையில் இருக்கும் திருகுசாவி எந்த இஞ்சினின் எந்த மரையைப் பிடித்திருந்தாலும் சரி, அதைக் கீழே வைத்துவிடுவார். சோப்புத் தூள் போட்டு முழங்கைவரை கழுவுவார். பிறகு கொட்டகையின் பின்பக்கம் போய், வடிகலத்திலிருந்து அன்றைக்குக் கடைசியாக இறங்கிய எரிசாராயத்தை முழங்கை உயரக் கண்ணாடிச் சாடியில் பிடித்து, அதற்குள் மிதவைமானியை மெல்ல இறக்குவார். அடியில் குண்டும் மேலே எண்கள் எழுதிய ஒல்லியான கழுத்துமாக இருக்கும் கண்ணாடிக் குழாய் அது. சாராயம் சுத்தமாக இருந்தால் ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்திருந்தால் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது ஆடி அடங்கும்வரை அவர் மூச்சுக்கூட விடமாட்டார். ஒரு முறை பார்ப்பார். எடுத்துத் துடைத்து மறுபடியும் பார்ப்பார். மூன்றாம் முறையும் பார்த்த பிறகே, நூற்றுக்கு எத்தனை பங்கு சாராயம் என்ற எண்ணைச் சுண்ணக்கட்டியால் கதவில் எழுதுவார். சாராயம் எதுவரை நிற்கிறதோ அங்கே சாடியின்மேல் ஒரு கோடு இழுப்பார். மூடுவார், பூட்டுவார், வீட்டுக்கு வருவார்.

அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வேலையைப் பிரித்துப்போட்டுத் திரும்பச் செய்வதால் வாடிக்கையாளர்கள் அவருக்கு ‘அரைமில்லி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

எரிசாராயம் குடிப்பதற்கன்று, காருக்கு. கொட்டகையின் முன்பக்கத்தில் தார்ப்பாய்க்குள் தாழ்ந்த உடலும் அகன்ற சக்கரங்களுமாக ஒரு பந்தயக் கார் படுத்திருந்தது. ஆறு ஆண்டுகளாக அவர் கட்டியது. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் மலைப்பாதை வேகப்போட்டியில் அதை ஓட்ட வேண்டும் என்பதும், கடையில் வாங்கிய எரிபொருளில் அன்றி, தம் கையால் வடித்த எத்தனாலில் ஓட்ட வேண்டும் என்பதும் அவருடைய ஆசை. பழச்சாறு கடைகளில் மிஞ்சிய கனிந்த பழங்களையும் சர்க்கரைப் பாகையும் பீப்பாய்களில் புளிக்க வைத்து, முறையாக உரிமம் பெற்று, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியபிறகே அடுப்பைப் பற்றவைத்தார். வடித்ததில் பெட்ரோல் கலந்துவிட வேண்டும், யாரும் குடிக்க முடியாதபடி, என்பது உரிமத்தின் நிபந்தனை. அதை அவர் மறுநாள் காலையில் செய்வார். ஆக, மாலைக்கும் காலைக்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம் மட்டும் சாடியில் இருப்பது, ஆசைப்படுகிறவன் குடிக்கக்கூடிய பொருள்.

கொட்டகைக்குச் சாவிகள் இரண்டு. ஒன்று அவரிடம். மற்றது மச்சினனிடம்.

மச்சினன், அவர் மனைவியின் தம்பி, பள்ளி வேன் ஓட்டுபவன். பந்தயக் காரை ஓட்டப்போகிறவனும் அவன்தான். கட்டுவது மாமா, ஓட்டுவது மாப்பிள்ளை என்று ஆறு ஆண்டுக்கு முன்பே முடிவான ஏற்பாடு. ஒரு காலத்தில் அவன் குடித்தான். சும்மா அல்ல, வேலை போய், கட்டிலோடு கிடக்கும் அளவுக்குக் குடித்தான். பிறகு ஒருநாள் நிறுத்தினான். நிறுத்தி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. வேன் முதலாளி அவனை நம்பிப் பத்தொன்பது பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார். அந்த நம்பிக்கையின்மேல்தான் அவனுடைய நாள்கள் நின்றன.

வெயில் காலம் முழுவதும் கார் சிங்கம் மாதிரி உறுமியது. குளிர் தொடங்கியதும் இருமியது. ஒருநாள் காலைச் சோதனை ஓட்டத்தில் தெருமுனைகூடத் திரும்பாமல் நின்றுவிட்டது. பட்டறைக்காரர் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புட்டியில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெயும் தண்ணீரும்போல் நடுவில் ஒரு கோடு. பெட்ரோல் மேலே, சாராயம் கீழே, பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகளைப்போல. சாராயத்தில் தண்ணீர் மிகுந்தால்தான் இப்படிப் பிரியும்.

“தண்ணி எங்கேருந்து மாமா வரும்? நேத்து நீங்கதானே தொண்ணூத்தஞ்சுன்னு எழுதினீங்க?” என்றான் மச்சினன், கதவைக் காட்டி.

“அதான் எனக்கும் புரியல.”

“உங்களுக்கே புரியலன்னா சரி. நான் வேனுக்குக் கிளம்புறேன். பசங்க காத்திருப்பாங்க.”

அவன் போன பிறகு பட்டறைக்காரர் முன்னெப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தார். காலை நேரத்தில் மிதவைமானியை எடுத்து, நேற்றுப் பூட்டிவைத்த சாடியில் இறக்கினார். எண்பத்தெட்டு. துடைத்து இறக்கினார். எண்பத்தெட்டு. மூன்றாம் முறையும் அதுவே. கோட்டைப் பார்த்தார். சாராயம் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

குறைந்தும் இருக்கிறது, நீர்த்தும் இருக்கிறது. ஆவியாகிப் போயிருக்குமா? மூடி இறுக்கமாக இருந்தது. சாடி ஒழுகுகிறதா? தரை உலர்ந்திருந்தது. எலி குடித்ததா? குடிக்கிற எலி தண்ணீர் ஊற்றிவைக்குமா?

தண்ணீர் ஊற்றிவைக்கும் அளவுக்கு அறிவுள்ள பிராணி ஒன்றே ஒன்றுதான் அவர் நினைவில் வந்தது. அதற்காகத் தம்மையே கடிந்துகொண்டார். ஆனாலும் அன்று மாலை அளந்து முடித்ததும் மூடியைச் சுற்றி ஒரு நூலைக் கட்டினார்.

மறுநாள் காலை நூல் கட்டியபடியே இருந்தது. சாராயம் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. எண்பத்தெட்டு.

நூல் அறுபடவில்லை என்றால் யாரும் திறக்கவில்லை என்றுதானே பொருள்? அறிவுள்ளவர் அந்த இடத்தில் நின்றிருப்பார். பட்டறைக்காரர் அறிவுள்ளவர்தாம், ஆனால் சந்தேகம் என்பது தன்னை மறுக்கும் சான்றையும் மென்று தின்று கொழுக்கும் விலங்கு. ‘இந்த முடிச்சைப் போட எனக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தானே, அவிழ்த்துக் கட்ட அவனுக்கா தெரியாது?’ என்று எண்ணினார். அன்று மாலை மச்சினன் அருகில் வந்தபோது அவன் வாயில் கிராம்பு மணத்தது.

“என்ன மாப்ள, கிராம்பெல்லாம்?”

“கடவாப்பல்லு மாமா. உயிர் போகுது.”

பல்வலியா, வாசனையை மறைக்கிற வழியா? கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டு, இல்லை என்று நிரூபணமானால் எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது? கேட்காமலே இருந்துவிட்டார். அதைப் பெருந்தன்மை என்றும் நினைத்துக்கொண்டார்.

கொக்கு ஒன்று குளத்து நீரைத் தன் காலால் அளந்து வந்ததாம். முழங்கால் மட்டத்துக்குமேல் நீர் ஏறாது என்பது அதன் நெடுநாள் கணக்கு. ஒருநாள் காலில் முள் தைத்து, கால் மடங்கிப்போயிற்று. அன்று நீர் தொடையைத் தொட்டது. ‘யாரோ குளத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள்’ என்று அது மீன்களையெல்லாம் கூட்டி வைத்து விசாரணை நடத்தியது. தன் காலைக் குனிந்து பார்க்க மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பட்டறைக்காரர் உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் பால்ய சிநேகிதர். பட்டறைக்காரர் ஒரு ரப்பர் வளையத்தைத் தேடிக்கொண்டே, “யார்கிட்டயும் சொல்லாத, மனசு கேக்கல, அதான் சொல்றேன்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“சே! அவனா? திருந்திட்டான்னு சொன்னாங்களேப்பா.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்.”

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதிலும் அது வண்டிக்காரர்கள் எல்லாரும் வந்துபோகிற கடை. மறுநாள் நண்பகலுக்குள் வேன் முதலாளி மச்சினனிடமிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டார்.

அவன் நேரே கொட்டகைக்கு வந்தான். கத்தவில்லை. தன்னிடமிருந்த கொட்டகைச் சாவியைப் பணிமேசைமேல் வைத்தான்.

“மூணு வருஷம் நாலு மாசம், மாமா. ஒரு சொட்டு தொட்டதில்லை. சத்தியம் பண்ண வரல. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“மாப்ள, எண்ணு குறையுதே! நான் என்ன செய்ய? காலையில குறையுது, கோடும் குறையுது...”

“எண்ணு குறைஞ்சா எண்ணைக் கேளுங்க. என்னை ஏன் கடைக்காரர்கிட்ட கேக்குறீங்க?”

அவன் போய்விட்டான். பட்டறைக்காரர் சாவியையும் சாடியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். குற்றவாளி இப்படியும் பேசுவானா? நிரபராதி என்றால் எண் ஏன் குறைகிறது? இரண்டில் ஒன்று பொய்யாக வேண்டும். மிதவைமானியோ பொய் சொல்லத் தெரியாத கண்ணாடி.

மனைவி அன்று நேரத்தோடு வந்துவிட்டார். பால் சேகரிப்பு நிலையத்தில் பாலைச் சோதிக்கும் வேலை அவருக்கு. தம்பி தொலைபேசியில் அழுதிருந்தான். கைப்பையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் நுழைந்தார்.

“என் தம்பி குடிச்சான்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களாமே. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?”

“உனக்கு வருத்தமா இருக்குமேன்னுதான்...”

“ஆகா, எவ்வளவு அக்கறை! சரி, எப்படிக் கண்டுபிடிச்சீங்க துப்பறியும் துரை?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மாலைக் கணக்கு, காலைக் கணக்கு, கோடு, நூல், கிராம்பு. மனைவி முடியும்வரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை டிகிரியில அளந்தீங்க?”

“என்ன டிகிரி?”

“சாயங்காலம் அது எவ்வளவு சூடு? காலையில எவ்வளவு சில்லுன்னு இருக்கு?”

பட்டறைக்காரர் விழித்தார். காலையிலிருந்து வடித்து வடித்துக் குளிர்விக்கும் தொட்டியின் நீர் மாலைக்குள் வெதுவெதுப்பாகிவிடும். கடைசிச் சாடி கை பொறுக்கும் சூட்டோடுதான் இறங்கும். காலையில் கொட்டகைத் தகரத்தில் பனி சொட்டும்.

“பாலை ஆறவைக்காம அளந்தா லாக்டோமீட்டர் உள்ளே போய் உக்காந்துக்கும், தண்ணி ஊத்தின பால்னு காட்டும். நல்ல மனுஷனைத் திருடன்னு சொல்லிடுவோம்னுதான் எங்க சுவத்துல பட்டியலே ஒட்டியிருக்கு, இத்தனை டிகிரின்னா இத்தனை கூட்டணும், இத்தனை கழிக்கணும்னு. உங்க மீட்டரும் அது அக்கா தங்கச்சிதானே? சூட்டுல அமிழத்தான் செய்யும்.”

“அப்போ கோடு? கோடு எப்படி இறங்கும்?”

“சூட்டுல விரியும், குளிர்ல சுருங்கும். இஞ்சின் சூடா இருந்தா வால்வு இடைவெளியை அளக்கவே கூடாதுன்னு ஊரையே திட்டுறவர் யாரு?”

மனைவி வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, காலையில் எண்பத்தெட்டு காட்டியதால் அவர் பெட்ரோல் கலக்காமலே வைத்திருந்த சாடியை அதில் இறக்கிவைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாராயம் எறும்பு ஊர்வதுபோல் ஏறி, கோட்டைத் தொட்டு நின்றது. மிதவைமானியை இறக்கினார் பட்டறைக்காரர். தொண்ணூற்றைந்து. துடைக்க எடுத்தவர் துடைக்காமலே கீழே வைத்தார்.

“அப்படின்னா உண்மை எது?” என்றார், குழந்தையைப்போல.

“ரெண்டும் இல்லை. நடுவுல தொண்ணூறு சொச்சம் இருக்கும். வெயில் காலத்திலயும் அவ்வளவுதான் இருந்திருக்கும். அப்ப குளிர் இல்லாததால ஒண்ணா கலந்து கிடந்திருக்கு. சூட்டு எண்ணை நம்பித் தண்ணி மிச்சமிருக்கிறதையே கார்ல ஊத்தியிருக்கீங்க. தண்ணி ஊத்தினது யாருன்னு கேட்டா, நீங்கதான். தெரியாம.”

அன்று மாலை அவர் கதவில் எண் எழுதவில்லை.

மறுநாள் போட்டிக் கார்களுக்குப் பரிசோதனை நாள். காலை எட்டு மணிக்குக் காரை அங்கே நிறுத்தாவிட்டால் இந்த ஆண்டு ஓட்ட முடியாது. ஆறரைக்கெல்லாம் பட்டறைக்காரர் சாடி, வாளி, மிதவைமானி, வெப்பமானி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வேன் நிறுத்துமிடத்துக்குப் போனார். அங்கே முதலாளியும் நான்கைந்து ஓட்டுநர்களும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் வாளியை வைத்து, சாடியைக் குளிர்ந்தபடியும் வெந்நீரில் சூடாக்கியும் ஒவ்வொருவர் கண்ணிலும் காட்டினார்.

“தப்பு என்னோடது. அவன் தொடல. நான் சூட்டுல அளந்துட்டு அவன்மேல பழி போட்டேன்.”

முதலாளி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “எனக்குப் புரியுதுங்க. சாவியைக் கொடுத்துடுறேன். ஆனா பிள்ளைகளைப் பெத்தவங்க நேத்தே கேட்டுட்டாங்க. அவங்களுக்கெல்லாம் நான் வாளியும் சாடியும் காட்ட முடியுமா?”

“நான் சொல்றேன்” என்றார் பட்டறைக்காரர்.

ஏழு மணிக்கு மச்சினன் வேனை எடுத்தபோது பக்கத்து இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். அவன் அவரைப் பார்க்காமலே வண்டியை ஓட்டினான். முதல் நிறுத்தத்தில் இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்திருந்த தாயிடம் கும்பிட்டுச் சொன்னார். இரண்டாம் நிறுத்தத்தில் ஒரு தகப்பன் அவரைத் திட்டினார், தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். மூன்றாம் நிறுத்தத்தில் ஒரு தாய், “என்னங்க சொல்றீங்க? இவர் குடிப்பாரா? எனக்குத் தெரியவே தெரியாதே!” என்று பதறினார். அவருக்கு முழுக் கதையையும் இரண்டு முறை சொல்லித் தேற்ற வேண்டியதாயிற்று.

வேனில் ஏறியதும் பட்டறைக்காரர் வியர்வையைத் துடைத்தார்.

“மாப்ள, தெரியாதவங்களுக்கெல்லாம் நானே போய்த் தெரிய வைக்கிறேனோ? சொல்றதா, விடுறதா? ஒண்ணும் புரியல.”

மச்சினன் அன்று முதல் முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தான். “எட்டு மணிக்குக் கார் பரிசோதனை, மாமா.”

“தெரியும்.”

“இப்பவே இறங்கினா போயிடலாம்.”

“இன்னும் பதினாறு வீடு இருக்கு.”

அவன் அடுத்த வளைவில் வேகத்தைக் குறைத்து, பிள்ளையோடு ஒரு முதியவர் காத்திருந்த வாசலில் வண்டியை நிறுத்தினான். கை நீட்டி அவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

“அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாச் சொல்லுங்க.”

பட்டறைக்காரர் இறங்கினார். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாகவே சொன்னார்.