சோலைமலைக்கு வாங்கிய குரல்

ஜீவராணியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போனாள், வாசலுக்கு வந்தாள், மறுபடியும் அடுப்படிக்கே போனாள். வட்டகொடை ஸ்டேஷனில் அக்கா மகனுக்குச் சாயந்தர ரயில். அதற்குள் இதுவா அதுவா என்று சொல்லியாக வேண்டும்.

கட்டிலில் சிலேட்டு மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் டேப் கிடந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. அவள் அக்கா மகன் நிரஞ்சனுக்குக் கொழும்பில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நாளைக்கே திருப்பித் தருவதாக முதலாளியிடம் சொல்லி இரண்டையும் தூக்கி வந்திருந்தான். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒருவரும் இப்படி ஒரு சாமானைக் கண்ணால் கண்டதில்லை.

வேடிக்கை பார்க்கவா வாங்குகிறார்கள்? அவள் புருஷன் சோலைமலைக்குப் பேச்சு இல்லை. தொண்டையில் புற்று என்று நாலு மாதத்துக்கு முன் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கங்காணியாக இருந்த மனுஷன்! மேல் மலையில் நின்று ஒரு அதட்டுப் போட்டால் கீழ் மலையில் கொழுந்து பறிக்கிறவளுக்குக் கை தானாக வேகம் பிடிக்கும். இப்போது எதற்கெடுத்தாலும் கொப்பியில் எழுதி நீட்டுகிறார். ஜீவராணிக்கோ எழுத வாசிக்கத் தெரியாது. தண்ணீர்தான் கேட்கிறாராக்கும் என்று தண்ணீர் கொடுப்பாள், அவர் தலையில் அடித்துக்கொள்வார். தலையணையை உயர்த்தி வைப்பாள், கொப்பியை விசிறி எறிவார். என்ன கேட்டார் என்று தெரியாமலே பொழுது போய்விடும். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

நிரஞ்சன் வெள்ளையில் ஒரு தண்ணீர்ப் படத்தைத் தட்டினான். "வாட்டர்" என்றாள் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரி, அத்தனை இனிமையாக. படமெல்லாம் பளிச்சென்று இருந்தது. சோலைமலைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, மடியை விட்டு இறக்கவில்லை.

"தமிழ்ல சொல்லச் சொல்லுப்பா."

"சொல்லாது சித்தி. கம்பெனிக்காரன் விடுறது மட்டுந்தான் இதுல ஓடும். நம்ம இஷ்டத்துக்கு ஒன்னும் உள்ள போட ஏலாது."

"நல்லா இருக்கே கத! லயத்துச் செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் தொரைகிட்ட கேக்குறோம். நம்ம வாங்குற சாமானுக்குமா?"

"கறுப்புல அந்தக் கட்டுப்பாடு இல்ல. நானே ஒரு புரோகிராம் எழுதிப் போட்டிருக்கேன். நீங்க பேசிப் பதிஞ்சு வச்சா, சித்தப்பா தட்டுறப்ப அப்படியே பேசும்."

சொல்லி வாய் மூடவில்லை, கறுப்பின் திரை அணைந்து போனது.

"நாசமாப் போச்சு! நீ இருக்கறப்பவே இந்த லட்சணம். நீ போனப்பறம் செத்து வச்சுதுன்னா நான் யார்கிட்டடா தூக்கிட்டு ஓடுவேன்?"

நிரஞ்சன் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். வெள்ளை கெடாதாம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று அவளுக்கு விளங்காது. கறுப்பு சொன்னால் விளங்கும், ஆனால் எப்போது காலை வாருமோ யார் கண்டது? மணி வேறு மூன்றைத் தாண்டிவிட்டது. ஒருவழியாகத் திரை வந்தது.

"சரி, பதிஞ்சுதான் பாரேன்" என்றாள் எரிச்சலாக.

சோலைமலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கொப்பியில் எழுதிக் கொடுத்தார். நிரஞ்சன் ஒவ்வொரு வரியாக வாசித்தான், அவள் டேப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"தண்ணி வேணும்."

"வலிக்குது."

"கதவச் சாத்து, குளிருது."

அடுத்த வரிக்கு வந்ததும் நிரஞ்சன் நிறுத்திவிட்டான்.

"என்னடா முழிக்கிற? வாசி."

"'ஜீவா, நீ சாப்பிட்டியா?'ன்னு இருக்கு சித்தி. கீழ இன்னும் எழுதியிருக்காங்க. நாலு மாசமா தெனம் இதத்தான் கேட்டாங்களாம். நீங்க தண்ணியக் கொண்டாந்து நீட்டுனீங்களாம்."

ஜீவராணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, இதற்கா அவ்வளவு கோபம்? அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் கேட்க வேண்டும். டேப்பைக் கிட்டே இழுத்துச் சொன்னாள். பாதியிலேயே குரல் உடைந்து அழுகையாகிவிட்டது.

"இன்னொருக்கா சொல்லுங்க சித்தி. சரியா விழல."

வேண்டாம் என்று சோலைமலை கையை ஆட்டினார். மடியிலிருந்த வெள்ளையை எடுத்து நிரஞ்சனிடம் நீட்டினார். கறுப்பைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியைத் தட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"ஜீவா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டது அவளுடைய அழுத குரல்.

"இன்னும் இல்லங்க" என்றாள் ஜீவராணி.