கோட்டைக்கு இரண்டு வாசல்

பதினொரு மணிக்குச் சந்திரமதி ஓடிப்போக வேண்டும்.

இப்போது பத்து நாற்பது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள அந்தப் பெரிய கேம்பர் வண்டி, தென்பிரான்சின் கார்க்கசோன் கோட்டைக்குக் கிழக்கே தரிப்பிடத்தில் நின்றது. இத்தாலியில், பலெர்மோவில் கப்பலேறி எட்டு நாள். பிரான்ஸ் முழுக்க அந்த வண்டிக்குள்தான் சமைத்தாள், கழுவினாள், எஜமானி சிஞ்ஞோராவின் நாலு வயது மகளைத் தூங்கவைத்தாள். எல்லாம் இந்தப் பதினொரு மணிக்காக.

"ஒரு மணிக்குச் சாப்பாடு. அதுவரை போய்ச் சுற்றிப் பார்," என்றாள் சிஞ்ஞோரா. அவள் கண் தோள்பையில் நின்றது. "ஏன் இவ்வளவு பாரம்?"

"தண்ணீர்ப் போத்தல், சிஞ்ஞோரா."

பையில் மாற்றுடுப்பு, ஒரு சேலை, காலையில் சிஞ்ஞோராவின் மேசை லாச்சியை இழுத்து, சொல்லாமல் எடுத்த தன் கடவுச்சீட்டு.

அவள் கணவன் பேரின்பநாயகம் பாரிசில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறான். அகதி விண்ணப்பம் தள்ளுபடி; எல்லை தாண்டினால் பிடிபடுவான். இவளுக்கு இத்தாலியில் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, உண்டு. ஆனால் பிரான்சுக்குள் வர விசா கிடைத்தது சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டதால்தான். ஐந்து வருடம் வெறும் குரலோடு குடும்பம் நடத்தியாயிற்று. அவனுக்கு நிலையான முகவரிகூட இல்லை. ஞாயிறு பின்னேரம் நண்பனின் கடைக்குத் தொலைபேசி எடுத்தால் வந்து பேசுவான். போன ஞாயிறு சொன்னான்: "கோட்டை வாசலிலை நிப்பன். ஒண்டரை ரெயிலுக்கு ரெண்டு ரிக்கெற் எடுத்திட்டன்."

நெஞ்சு படபடக்க வேண்டும். படபடக்கவில்லை. வேறு யாரோ ஓடிப்போவதுபோல நடந்தாள்.

பாலம். இரட்டைக் கோபுரம். வாசல். பதினொன்று. பதினொன்று பத்து. பதினொன்று இருபது. கூட்டம் கூட்டமாகச் சனம் போனது, அவன் இல்லை.

அஞ்சலட்டை விற்றவளிடம் வாசலைக் காட்டிக் கேட்டாள்; அவள் கோட்டைப் படத்தை விரித்துக் காட்டினாள். விரல் மேற்கே போய் நின்றது.

இன்னொரு வாசல்!

கோட்டைக்குள் இருந்த ஊரின் சந்துகளில் சனம் நெரிந்தது. இரண்டு மதில்களுக்கும் நடுவே அகலமான மண்பாதை, கோயில் வெளிவீதிபோலக் கோட்டையைச் சுற்றிப் போனது. கால் யோசிக்கவில்லை. உள்மதில் வலக்கைப் பக்கம் வர, இடப்பக்கம் திரும்பியது.

பதினொன்று நாற்பத்தைந்து. மேற்கு வாசல். யாருமில்லை.

ஐஸ்கிறீம் விற்றவனிடம் தன் கையின் நிறத்தைத் தொட்டுக் காட்டினாள். அவன் தலையாட்டினான். ஆள் நின்றான், போனான். எந்தப் பக்கம்? அவன் வடக்கே கை நீட்டினான்.

அவள் ஓடினாள். பை தொடையில் அடித்தது. வளைவு, கோபுரம், வளைவு. ஒவ்வொரு வளைவுக்கு அப்பாலும் அவன் முதுகு தெரியும் என்று பார்த்தாள். கிழக்கு வாசல். யாருமில்லை. நிற்கலாமா? நிற்கவில்லை. மறுபடி ஒரு முழுச் சுற்று.

ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வண்டியின் ஹோர்ன் கேட்டது. ஸ்ரேசன் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது; வண்டிக்குத் திரும்பினாள்.

சிஞ்ஞோரா இறங்கிக் குழந்தையின் கையைக் கழுவும்போது கடவுச்சீட்டு லாச்சிக்குத் திரும்பியது.

"அழகான ஊரா?"

"அழகு, சிஞ்ஞோரா."

சிஞ்ஞோரா அவள் சப்பாத்துப் புழுதியைப் பார்த்தாள். "ஒரு கல்லையும் விட்டுவைக்கவில்லை போல."

சந்திரமதி தட்டுகளை அடுக்கினாள்.

அடுத்த ஞாயிறு, பலெர்மோ. கபோ சந்தை முனையில் தொலைபேசிக் கூண்டு. கூட வந்த சிநேகிதி அமலினி கதவைக் காலால் பிடித்துக்கொண்டு, அவள் காதோடு காதை வைத்து நின்றாள்.

"எங்கை நிண்டனீர்?" எடுத்தவுடன் கேட்டான் அவன்.

"கிழக்கு வாசலிலை. நீங்கள்?"

"ஸ்ரேசனாலை ஏறினால் மேற்கு வாசல்தானே வருது. இன்னொண்டு இருக்கெண்டு பிறகுதான் தெரியும். உடனை அங்காலை வெளிக்கிட்டன்."

"எந்தப் பக்கத்தாலை?"

"மதிலைச் சுத்தித்தான்."

"எந்தப் பக்கத்தாலை எண்டு கேக்கிறன்."

"இதென்ன கேள்வி? கோயில் சுத்துறமாதிரித்தான். வலமா."

அவள் கூண்டின் கண்ணாடியில் விரலால் ஒரு வட்டம் கீறினாள்.

"சந்திரா?"

"நானும் அப்பிடித்தான்."

அமலினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னடி, புருசனும் பெண்சாதியும் நேர்த்தியோ வைச்சனீங்கள்? ஒராள் மற்றப் பக்கத்தாலை வந்திருந்தால் மூக்கோடை மூக்கு முட்டியிருப்பியளேடி!"

"ஆர் சிரிக்கிறது?" என்றான் அவன்.

"அமலினி. அவள் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள், அவளுக்கு எந்தப் பக்கமும் சரி."

"அடுத்த வருசமும் சிஞ்ஞோரா இஞ்சாலை வருவாவோ?"

"ஸ்பெயினுக்காம்."

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் விடவில்லை.

"இஞ்சேருங்கோ. ரெண்டு பேரும் நடந்தால் சரிவராது. நான் இனி அசையன். பலெர்மோவிலை நிக்கிறன். எல்லையிலை பிடிச்சாலும் பிடிக்காட்டிலும் நீங்கள்தான் வரவேணும்."

பதில் வருமுன் அட்டையில் காசு முடிந்து தொலைபேசி கீச்சிட்டது. அமலினி சிரிப்பை நிறுத்தித் தன் அட்டையை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றாள் சந்திரமதி. "எல்லாம் சொல்லியாச்சு."